பாவெல் கிசெலியோவ்

பாவெல் திமீத்ரியெவிச் கிசெலியோவ் (19 சனவரி 1788 – 26 நவம்பர் 1872) உருசியப் பேரரசின் படைத்தளபதியும், அமைச்சரும், தூதுவரும் ஆவார். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் இளம் அதிகாரியாகப் பங்கேற்ற இவர், 1829 முதல் 1834 வரை மல்தாவியா, வலாச்சியா ஆகிய தன்யூபு சிற்றரசுகளை உருசியாவின் சார்பில் ஆட்சி செய்தார். 1838 முதல் 1856 வரை அரசுச் சொத்துகள் துறையின் முதலாவது அமைச்சராக இருந்து, அரசு உழவர்களின் வாழ்வை மாற்றியமைத்த சீர்திருத்தங்களை நடைமுறைப்படுத்தினார். 1856 முதல் 1862 வரை பாரிசில் உருசியத் தூதுவராகப் பணியாற்றினார். உருசியாவில் 1861 ஆம் ஆண்டில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்படுவதற்கு முன்னோடியாக அமைந்தவர்களுள் ஒருவராக வரலாற்றாளர்கள் இவரைக் கருதுகின்றனர்.

(இக்கட்டுரையில் நாட்கள் கிரெகொரியின் நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன. பழைய யூலியன் நாட்காட்டி பயன்படுத்தப்படும் இடங்களில் அது குறிப்பிடப்பட்டுள்ளது.)

இளமைக்காலம்

கிசெலியோவ் மாஸ்கோவில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய தம்பி நிக்கலாய் கிசெலியோவ் பிற்காலத்தில் வெளியுறவுத் துறையில் பணியாற்றி, கிரிமியப் போருக்கு முன்னர் பாரிசில் உருசியாவின் பிரதிநிதியாக இருந்தார். இவருடைய சகோதரி எலிசவேத்தா, மிலியூத்தின் குடும்பத்தில் மணம் புரிந்தார். அவருடைய மைந்தர்களான திமீத்ரி மிலியூத்தின், நிக்கலாய் மிலியூத்தின் இருவரும் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆட்சிக்காலத்தில் பெரும் சீர்திருத்தங்களை முன்னின்று நடத்தியவர்கள். அக்கால வழக்கப்படி கிசெலியோவ் வீட்டிலேயே கல்வி கற்றார். சிறிது காலம் வெளியுறவுத் துறை அலுவலகத்தில் இருந்த பின்னர், 1806 ஆம் ஆண்டில் பேரரசின் மெய்க்காவல் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் சேர்ந்தார்.

நெப்போலியப் போர்கள்

1807 ஆம் ஆண்டில் பிரசியாவில் நடைபெற்ற போர் நடவடிக்கைகளில் கிசெலியோவ் முதன்முதலாகக் களம் கண்டார். 1812 இல் நெப்போலியன் உருசியா மீது படையெடுத்தபோது, செப்டம்பர் 7 அன்று நடந்த பரதினோ சமரில் பங்கேற்றார். அதன் பின்னர் தளபதி மிலராதவிச்சின் துணை அதிகாரியாக அமர்த்தப்பட்டு, மேற்கு நோக்கிய உருசியப் படைகளின் நகர்வில் அவருடன் சென்றார். 1814 மார்ச்சில் நேச நாட்டுப் படைகள் பாரிசுக்குள் நுழைந்தபோது கிசெலியோவும் அங்கிருந்தார்.

மிலராதவிச்சின் பிரதிநிதியாகப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தரிடம் அறிக்கைகளை எடுத்துச் செல்லும் பணி இவருக்கு வாய்த்தது. சுருக்கமாகவும் தெளிவாகவும் விடயங்களை எடுத்துரைக்கும் இவருடைய திறமை பேரரசரைக் கவர்ந்தது. 1814 இல் பேரரசரின் உதவி அதிகாரிகளுள் ஒருவராக நியமிக்கப்பட்டார். வியன்னா மாநாட்டின்போதும் பேரரசரின் பரிவாரத்தில் இடம்பெற்றார். 1817 இல், தமது 29 ஆம் அகவையில், மேஜர் ஜெனரல் தரத்துக்கு உயர்த்தப்பட்டார்.

இதற்கு முந்தைய ஆண்டான 1816 இல், உருசியாவில் பண்ணையடிமை முறையைப் படிப்படியாக ஒழிப்பது குறித்து ஒரு முன்மொழிவை எழுதிப் பேரரசரிடம் அளித்தார். பண்ணையடிமைகள் நிலத்துடன் பிணைக்கப்பட்டு நிலக்கிழார்களின் உடைமையாக நடத்தப்பட்ட காலம் அது. அவர்களை விற்கவும் அடகு வைக்கவும் கூட உரிமையாளர்களால் முடிந்தது. 28 வயது அதிகாரி ஒருவர் இது குறித்துப் பேரரசருக்கு எழுதியது துணிவான செயலே. எனினும் அம்முன்மொழிவு நடைமுறைக்கு வரவில்லை. அதன் அடிப்படை எண்ணத்தைக் கிசெலியோவ் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை.

துல்ச்சினில்

1819 ஆம் ஆண்டில் இரண்டாம் படையின் தலைமை அலுவலராகக் கிசெலியோவ் நியமிக்கப்பட்டார். இப்படையின் தலைமையகம் இன்றைய உக்ரைனில் உள்ள துல்ச்சின் என்ற சிறு நகரில் அமைந்திருந்தது. படைத்தலைவரான விட்கென்ஸ்டைன் முதியவராக இருந்தமையால், நாள்தோறும் நிகழும் நிர்வாகம் பெரும்பாலும் கிசெலியோவின் கைகளிலேயே இருந்தது. படைவீரர்களுக்கு அளிக்கப்பட்ட கொடிய உடல் தண்டனைகளை அவர் குறைக்க முயன்றார். படைவீரர்களுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளிகளை ஆதரித்தார். துருக்கியருடன் உருசியா முன்னர் நடத்திய போர்களின் ஆவணங்களைத் திரட்டி ஆராயும் பணியையும் தொடங்கி வைத்தார்.

1821 இல், துல்ச்சினின் உரிமையாளர்களான பொத்தோத்ஸ்கி என்ற போலந்துப் பெருங்குடியைச் சேர்ந்த சோபியாவை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த ஒரே மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். பிற்காலத்தில் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தனர்.

1823 ஆம் ஆண்டில் இவருடைய வாழ்வில் ஒரு துயர நிகழ்வு ஏற்பட்டது. படைப்பிரிவு ஒன்றில் எழுந்த ஒழுங்குக் குலைவைத் தொடர்ந்து பதவியிலிருந்து அகற்றப்பட்ட தளபதி மர்த்வீனவ், அதற்குக் கிசெலியோவே காரணம் எனக் கருதி அவரை இருவர் சண்டைக்கு அழைத்தார். தலைமை அலுவலர் என்ற முறையில் கிசெலியோவ் அதை மறுத்திருக்கலாம். ஆனால் அவர் அழைப்பை ஏற்றார். துப்பாக்கிச் சண்டையில் படுகாயமுற்ற மர்த்வீனவ் இறந்தார். கிசெலியோவ் உடனடியாகத் தமது பொறுப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைத்து, நடந்ததைப் பேரரசருக்குத் தாமே எழுதி அறிவித்தார். சட்டப்படி இருவர் சண்டை குற்றமாக இருந்தபோதிலும் அவர் தண்டிக்கப்படவில்லை.

திசம்பர்வாதிகளுடனான தொடர்பு

கிசெலியோவ் துல்ச்சினில் இருந்த ஆண்டுகளில், அதே நகரில் தெற்குச் சங்கம் என்ற இரகசிய அமைப்பு 1821 இல் உருவானது. முடியாட்சியை வீழ்த்திக் குடியரசை நிறுவுவதும் பண்ணையடிமை முறையை ஒழிப்பதும் அதன் நோக்கங்களாக இருந்தன. அச்சங்கத்தின் தலைவர் பாவெல் பெஸ்தெல், கிசெலியோவின் கீழ் பணியாற்றிய அதிகாரி. அவருடைய அறிவாற்றலைக் கிசெலியோவ் பெரிதும் மதித்தார். சங்கத்தின் வேறு சில உறுப்பினர்களும் கிசெலியோவின் வீட்டுக்கு வந்து போகும் நண்பர்களாக இருந்தனர். அவர்களைப் போலவே கிசெலியோவும் பண்ணையடிமை முறையை வெறுத்தார். ஆனால் மாற்றம் அரசின் வழியாகவே வரவேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. எனவே அவர் சங்கத்தில் சேரவில்லை.

முதலாம் அலெக்சாந்தர் 1825 இல் இறந்ததைத் தொடர்ந்து, பழைய நாட்காட்டிப்படி திசம்பர் 14 அன்று சென் பீட்டர்ஸ்பர்க்கில் எழுச்சி வெடித்தது. அதற்கு முந்தைய நாளே பெஸ்தெல் துல்ச்சினில் கைது செய்யப்பட்டிருந்தார். 1826 சூலையில் பெஸ்தெல் உட்பட ஐவர் தூக்கிலிடப்பட்டனர். பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கிசெலியோவின் கண்ணெதிரே வளர்ந்த அமைப்பைப் பற்றி அவர் எதுவும் அறியாதிருந்தார் என்பதைப் பலரும் நம்பவில்லை. அவர் மீதும் ஐயம் எழுந்தது. புதிய பேரரசர் முதலாம் நிக்கலாசைச் சந்தித்துத் தமது நிலையை விளக்கிய பின்னர், கிசெலியோவ் பதவியில் நீடிக்க அனுமதிக்கப்பட்டார். சங்கத்தைப் பற்றி அவர் உண்மையில் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது வரலாற்றாளர்களிடையே இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது.

தன்யூபு சிற்றரசுகளின் ஆட்சி

1828 இல் உருசியாவுக்கும் உதுமானியப் பேரரசுக்கும் இடையே போர் மூண்டது. கிசெலியோவ் இப்போரில் பங்கேற்று லெப்டினன்ட் ஜெனரல் தரத்துக்கு உயர்ந்தார். 1829 செப்டம்பரில் கையெழுத்தான அதிரியானோப்பிள் உடன்படிக்கையுடன் போர் முடிவுற்றது. உதுமானியப் பேரரசின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த மல்தாவியா, வலாச்சியா ஆகிய இரு சிற்றரசுகளும், போர் இழப்பீடு செலுத்தப்படும் வரை உருசியப் படைகளின் பொறுப்பில் இருக்கும் என முடிவாயிற்று. இவ்விரு நாடுகளின் ஆட்சி மன்றங்களுக்கும் முழு அதிகாரம் பெற்ற தலைவராகக் கிசெலியோவ் 1829 இன் இறுதியில் நியமிக்கப்பட்டார்.

அவர் பொறுப்பேற்றபோது நாடு சீரழிந்து கிடந்தது. போரினால் உழவு பாதிக்கப்பட்டு உணவுப் பஞ்சம் நிலவியது. கொள்ளைநோய் பரவியிருந்தது. கிசெலியோவ் உருசியத் துறைமுகங்களிலிருந்து தானியம் தருவித்தார். தன்யூபு ஆற்றின் கரை நெடுகிலும் நோய்த்தடுப்புக் காவல் நிலையங்களை அமைத்தார். 1831 இல் வாந்திபேதி நோய் பரவியபோது தலைநகரங்களை விட்டு அகலாமல் தங்கி, மருத்துவ ஏற்பாடுகளை மேற்பார்வையிட்டார்.

சாசன ஒழுங்குமுறைகள்

கிசெலியோவின் ஆட்சியில் நிகழ்ந்த முதன்மையான பணி, சாசன ஒழுங்குமுறைகள் எனப்படும் அடிப்படைச் சட்டங்களின் உருவாக்கமாகும். உருசியத் துணைத்தூதுவர் மின்சியாக்கியின் தலைமையில், போயர்கள் எனப்படும் நிலவுடைமை உயர்குடியினர் இடம்பெற்ற குழு இவற்றின் வரைவை எழுதியது. அவ்வரைவு சென் பீட்டர்ஸ்பர்க்கில் திருத்தப்பட்டு, பின்னர் சிறப்புப் பேரவைகளில் விவாதிக்கப்பட்டது. இச்சட்டம் வலாச்சியாவில் 1831 சூலையிலும், மல்தாவியாவில் 1832 சனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. இதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

- சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகியன தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன.
- வலாச்சியாவில் 42 உறுப்பினர்களும் மல்தாவியாவில் 35 உறுப்பினர்களும் கொண்ட சட்டமன்றங்கள் அமைக்கப்பட்டன. உறுப்பினர்கள் பெரும்பாலும் போயர்களே.
- நாட்டின் இளவரசரைச் சிறப்புப் பேரவை தேர்ந்தெடுக்கும் என விதிக்கப்பட்டது.
- பல்வேறு மறைமுக வரிகள் நீக்கப்பட்டு, தலைவரி முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. போயர்களுக்கு வரிவிலக்குத் தொடர்ந்தது.
- நாட்டுக் காவற்படை உருவாக்கப்பட்டது. ருமேனியாவின் நவீன இராணுவம் இதிலிருந்தே வளர்ந்தது.
- அரசு ஆவணக் காப்பகங்கள் நிறுவப்பட்டன.

இரு நாடுகளுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான சட்டங்கள் வகுக்கப்பட்டமையும், அவற்றின் மக்கள் மொழி, சமயம், தோற்றம் ஆகியவற்றால் ஒன்றுபட்டவர்கள் என்பதை அச்சட்டங்களே ஏற்றுக்கொண்டமையும் பின்னாளில் அவை ஒரே நாடாக இணைவதற்கு வழிவகுத்தன.

உழவர்களைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் விளைவு வேறாக இருந்தது. நிலவுடைமையாளருக்கு உழவர் ஆண்டுக்கு 12 நாட்கள் கட்டாய உழைப்பு அளிக்க வேண்டும் எனச் சட்டம் கூறியது. ஆனால் ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலையின் அளவையும் சட்டமே வரையறுத்தது. அவ்வளவை ஒரு நாளில் முடிப்பது இயலாத செயல். எனவே 12 நாட்கள் என எழுதப்பட்டிருந்தது நடைமுறையில் பல மடங்காகப் பெருகியது. போயர்களின் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தக் கிசெலியோவ் முயன்றபோதும், சட்டத்தை இயற்றிய மன்றங்கள் அவர்களுடையனவாகவே இருந்தன. காரல் மார்க்சு மூலதனம் நூலின் முதற்தொகுதியில், வேலைநாள் பற்றிய பகுதியில், உபரி உழைப்புக்கான பேராசைக்கு எடுத்துக்காட்டாக இச்சட்டத்தை ஆராய்ந்துள்ளார். தம் சொந்த நாட்டில் உழவர்களின் விடுதலையை விரும்பிய ஒருவரின் பெயர், கட்டாய உழைப்பைச் சட்டமாக்கிய உருசியத் தளபதி என்ற முறையில் அந்நூலில் இடம்பெற்றது. சிற்றரசுகளில் ரோமா மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த நிலையும் 1850களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

1834 சனவரியில் உருசியாவும் உதுமானியப் பேரரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி உருசியப் படைகள் வெளியேறின. புதிய இளவரசர்களாக வலாச்சியாவுக்கு அலெக்சாந்துரு கீக்காவும், மல்தாவியாவுக்கு மிகயில் ஸ்தூர்சாவும் அமர்த்தப்பட்டனர். சட்டத்தில் கூறப்பட்ட தேர்தல் இம்முறை நடைபெறவில்லை. இரு பேரரசுகளும் தமக்குள் பேசி அவர்களை நியமித்தன. தன்யூபு ஆற்றை உருசியாவின் எல்லையாக்க வேண்டும் என்ற கருத்தைக் கிசெலியோவ் கொண்டிருந்தார். அக்கருத்தை அரசு ஏற்கவில்லை. அவர் 1834 இல் நாடு திரும்பினார்.

1848 ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, உருசிய ஆதிக்கத்தின் சின்னமாகக் கருதப்பட்ட இச்சட்ட நூலைப் புக்கரெஸ்ட் மக்கள் பொது இடத்தில் எரித்தனர். அதே நகரின் வடபகுதியில் செல்லும் முதன்மைச் சாலை இன்றும் கிசெலியோவின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நகரின் வெற்றி வளைவும், ருமேனிய உழவர் அருங்காட்சியகமும் இச்சாலையிலேயே அமைந்துள்ளன.

அமைச்சர் பணி

நாடு திரும்பிய கிசெலியோவ் அரசவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கவிஞர் அலெக்சாந்தர் பூஷ்கின் 1834 இல் எழுதிய நாட்குறிப்பில், உருசிய அரசுப் பணியாளர்களுள் மிகவும் குறிப்பிடத்தக்கவராகக் கிசெலியோவைக் கருதலாம் எனப் பதிவு செய்துள்ளார்.

உழவர் சிக்கலை ஆராய 1835 இல் அமைக்கப்பட்ட இரகசியக் குழுவில் கிசெலியோவ் இடம்பெற்றார். தனியார் பண்ணைகளில் அரசு நேரடியாகத் தலையிட்டால் உயர்குடியினரின் எதிர்ப்பைச் சந்திக்க நேரும். எனவே அரசின் சொந்த நிலங்களில் வாழும் உழவர்களிடமிருந்து சீர்திருத்தத்தைத் தொடங்க வேண்டும் என முடிவாயிற்று. அரசு உழவர்கள் தனியார் எவருக்கும் உடைமையல்லர். எனினும் வரிச்சுமை, நிலப் பற்றாக்குறை, உள்ளூர் அதிகாரிகளின் ஊழல் ஆகியவற்றால் அவர்கள் வறுமையில் உழன்றனர். அவர்களின் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியளவில் இருந்தது. பேரரசின் உழவர்களில் மிகப் பெரும் பகுதியினரைத் தொடும் சீர்திருத்தமாக இது அமைந்தது.

1836 இல் பேரரசரின் தனிச் செயலகத்தில் ஐந்தாம் பிரிவு உருவாக்கப்பட்டு, கிசெலியோவ் அதன் தலைவரானார். முதலில் சில மாகாணங்களில் நேரடி ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகளின் அடிப்படையில் 1837 இன் இறுதியில் (பழைய நாட்காட்டிப்படி திசம்பர் 26) அரசுச் சொத்துகள் அமைச்சகம் நிறுவப்பட்டது. கிசெலியோவ் அதன் முதலாவது அமைச்சரானார். 1839 இல் அவருக்குக் கோமகன் பட்டம் வழங்கப்பட்டது.

அரசு உழவர் சீர்திருத்தம்

1837 முதல் 1841 வரை இயற்றப்பட்ட சட்டங்கள் பொதுவாகக் கிசெலியோவின் சீர்திருத்தம் என அழைக்கப்படுகின்றன. அமைச்சகத்தின் கீழ் ஒவ்வொரு மாகாணத்திலும் ஓர் அலுவலகமும், அதன் கீழ் வட்டம், ஊர்க்கூட்டம், ஊர்ச் சமூகம் எனப் படிநிலைகளும் ஏற்படுத்தப்பட்டன. கீழ்நிலையில் உழவர்களே தங்கள் பொறுப்பாளர்களையும் ஊர் நீதிபதிகளையும் தேர்ந்தெடுத்தனர். சீர்திருத்தத்தின் பயன்களாகப் பின்வருவனவற்றைக் குறிப்பிடலாம்:

- நிலம் குறைவாக இருந்த உழவர்களுக்குக் கூடுதல் நிலம் ஒதுக்கப்பட்டது. நெருக்கம் மிகுந்த பகுதிகளிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேறு மாகாணங்களில் குடியமர்த்தப்பட்டனர்.
- தலைக்கு இவ்வளவு எனத் தண்டப்பட்ட குத்தகைக் கட்டணம், நிலத்தின் விளைச்சலையும் வருமானத்தையும் கணக்கிட்டு விதிக்கும் முறைக்குப் படிப்படியாக மாற்றப்பட்டது.
- மேற்கு மாகாணங்களில் அரசுப் பண்ணைகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதும், அங்கு நிலவிய கட்டாய உழைப்பும் நீக்கப்பட்டன.
- பஞ்ச காலத்துக்கான தானியக் களஞ்சியங்கள், சிறுகடன் நிதிகள், மருத்துவ நிலையங்கள் ஆகியன அமைக்கப்பட்டன.
- தொடக்கத்தில் சில பத்துகளாக இருந்த ஊர்ப்பள்ளிகள், கிசெலியோவின் பதவிக்கால இறுதியில் இரண்டாயிரத்தைத் தாண்டின. அவற்றில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவர் பயின்றனர்.
- இன்றைய பெலருசில் உள்ள கோர்க்கியில் 1840 இல் வேளாண் பள்ளி திறக்கப்பட்டது. இது 1848 இல் உயர்கல்வி நிறுவனமாக உயர்த்தப்பட்டது.

1843 இல் உருசியாவில் பயணம் மேற்கொண்ட செருமானிய அறிஞர் ஆகஸ்ட் வான் ஹாக்ஸ்ட்ஹவுசனுக்கு இந்த அமைச்சகம் உதவியது. உருசிய ஊர்ச் சமூக அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டது.

உருளைக்கிழங்குக் கலகங்கள்

சீர்திருத்தத்தின் குறைபாடுகளை மிகத் தெளிவாகக் காட்டியவை உருளைக்கிழங்குக் கலகங்கள் ஆகும். 1839–40 ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்ததைத் தொடர்ந்து, பஞ்சத்தைத் தடுக்க ஊர்ப் பொது நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிட வேண்டும் என அரசு கட்டளையிட்டது. நோக்கம் நல்லதாக இருந்தது. ஆனால் உழவர்களுக்கு அப்பயிர் புதியது. ஏன் பயிரிட வேண்டும் என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கவில்லை. தங்களைப் பண்ணையடிமைகளாக்கி ஏதோ ஒரு நிலக்கிழாருக்கு ஒப்படைக்கப் போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. அதுவரை கண்டிராத புதிய அலுவலகங்களும், புதிய வரிக் கணக்கெடுப்பும் இந்த அச்சத்தை வலுப்படுத்தின.

1840 முதல் 1844 வரை உரால் மலைப் பகுதியிலும் வோல்கா ஆற்றுப் பகுதியிலும் கலகங்கள் நடந்தன. பெர்ம், வியாத்கா, கசான் உள்ளிட்ட மாகாணங்களில் இலட்சக்கணக்கான உழவர்கள் இவற்றில் ஈடுபட்டனர். அரசு படைகளை ஏவி அவற்றை அடக்கியது. பலர் கசையடிக்கு உள்ளாயினர், சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். இதன் பின்னர் கிசெலியோவ் கட்டாயப் பயிரிடலைக் கைவிட்டு, பரிசுகள், விதை வழங்கல், அறிவுரை ஆகியவற்றின் மூலம் பயிரைப் பரப்பும் முறைக்கு மாறினார். உழவர்களின் நலனுக்காக எனச் செய்யப்பட்ட செயல், அவர்களைக் கலந்து பேசாமல் மேலிருந்து திணிக்கப்பட்டமையால் அவர்களாலேயே எதிர்க்கப்பட்டது.

தனியார் பண்ணைகளும் 1842 சட்டமும்

தனியார் பண்ணையடிமைகள் தொடர்பிலும் கிசெலியோவ் சட்டம் கொண்டுவர முயன்றார். அவருடைய முதல் வரைவு இரகசியக் குழுவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1842 ஏப்ரலில் வெளியான சட்டம் பெரிதும் வலுவிழந்ததாக இருந்தது. அதன்படி நிலக்கிழார் விரும்பினால் தம் உழவர்களுடன் ஒப்பந்தம் செய்து, குறிப்பிட்ட கடமைகளுக்கு ஈடாக நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அளித்து, அவர்களுக்குத் தனிமனித விடுதலை வழங்கலாம். நிலம் நிலக்கிழாரின் உடைமையாகவே இருக்கும். பண்ணையடிமை முறை தீமையானது என்பதை ஏற்றுக்கொண்ட பேரரசர் நிக்கலாசு, அப்போது அதைத் தொடுவது மேலும் பெரிய தீமையாகும் என்று அரசவையில் உரையாற்றினார். விருப்பத்தின் அடிப்படையில் அமைந்த இச்சட்டத்தைப் பயன்படுத்திய நிலக்கிழார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

யூதர்களின் நிலை குறித்து 1840 இல் அமைக்கப்பட்ட குழுவுக்கும் கிசெலியோவ் தலைமை வகித்தார். யூதச் சமூகங்களின் தன்னாட்சி அமைப்பான ககால் 1844 இல் ஒழிக்கப்பட்டது. 1846 இல் உருசியா வந்த ஆங்கிலேய யூதத் தலைவர் மோசசு மொண்டிபியோரி, யூதர்களின் நிலை குறித்துக் கிசெலியோவுடன் பேச்சு நடத்தினார்.

பாரிசில் தூதுவர்

கிரிமியப் போரில் தோல்வியுற்ற உருசியா 1856 மார்ச்சில் பாரிசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. கருங்கடலில் போர்க்கப்பல்களை வைத்திருக்கும் உரிமையை அது இழந்தது. வெளியுறவு அமைச்சரான கர்ச்சக்கோவ், பிரான்சுடன் நட்புக் கொள்வதன் மூலம் இந்நிலையை மாற்றலாம் என எண்ணினார். இப்பணிக்காக 68 அகவையான கிசெலியோவ் பாரிசுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டார்.

இது உயர்ந்த பதவியே. ஆயினும், உழவர் விடுதலை குறித்துப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய அதே ஆண்டில், அத்துறையில் இருபது ஆண்டு அனுபவம் பெற்றவர் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டார். 1857 இல் அவருடைய அமைச்சகம் மிகயில் முராவியோவின் பொறுப்பில் விடப்பட்டது. முராவியோவ் உழவர் விடுதலையின் எதிர்ப்பாளர். கிசெலியோவ் கட்டியெழுப்பியவற்றுள் பல அவருடைய காலத்தில் மாற்றப்பட்டன.

தூதுவராக இருந்த காலத்தில் மூன்று நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை:

- 1857 செப்டம்பரில் இரண்டாம் அலெக்சாந்தரும் மூன்றாம் நெப்போலியனும் இசுடுட்கார்ட்டு நகரில் சந்தித்தனர். இது இரு நாடுகளின் நெருக்கத்தை வெளிப்படுத்தியது.
- 1858 இல் தன்யூபு சிற்றரசுகளின் எதிர்காலம் குறித்துப் பாரிசில் வல்லரசுகளின் மாநாடு நடைபெற்றது. உருசியாவின் சார்பில் கிசெலியோவ் கலந்துகொண்டார். அவ்வாண்டு ஆகத்து 19 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், அவர் காலத்தில் இயற்றப்பட்ட சாசன ஒழுங்குமுறைகளுக்குப் பதிலாகப் புதிய அமைப்பை ஏற்படுத்தியது. 1859 இன் தொடக்கத்தில் இரு சிற்றரசுகளும் அலெக்சாந்துரு குசாவையே தத்தம் இளவரசராகத் தேர்ந்தெடுத்து நடைமுறையில் ஒன்றாயின.
- 1859 மார்ச் 3 அன்று உருசியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே இரகசிய உடன்படிக்கை பாரிசில் கையெழுத்தானது. ஆசுத்திரியாவுக்கு எதிராகப் பிரான்சு இத்தாலியில் போரிட்டால் உருசியா பிரான்சுக்குச் சாதகமான நடுநிலையைக் கடைப்பிடிக்கும் என்பது இதன் சாரம்.

எனினும் கருங்கடல் விதிகளை மாற்றும் நோக்கம் நிறைவேறவில்லை. பிரான்சு அதற்குத் தெளிவான உறுதி எதையும் அளிக்கவில்லை. கிசெலியோவ் பதவி விலகிய பின்னர், 1863 இல் போலந்தில் எழுந்த கிளர்ச்சியின்போது பிரான்சு போலந்தியருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்ததால் இரு நாடுகளின் நட்பு முறிந்தது. பிரான்சு பிரசியாவிடம் தோற்ற பின்னர், 1871 இல் இலண்டனில் நடந்த மாநாட்டின் மூலமே கருங்கடல் விதிகள் நீக்கப்பட்டன.

உழவர் விடுதலையில் பங்கு

பாரிசில் இருந்தபோதும் உழவர் சிக்கலில் கிசெலியோவின் கருத்து கேட்கப்பட்டது. 1857 கோடைகாலத்தில் செருமனியின் கிசிங்கன் நகரில் பேரரசர் அவருடன் இது குறித்துப் பேசினார். உழவர்களை நிலமின்றி விடுவிக்கக் கூடாது என்பது கிசெலியோவின் உறுதியான நிலைப்பாடு. சட்டத்தை வரையும் பணியில் அவருடைய மருமகன் (சகோதரியின் மகன்) நிக்கலாய் மிலியூத்தின் முதன்மைப் பங்காற்றினார். 1861 மார்ச் 3 அன்று (பழைய நாட்காட்டிப்படி பெப்ரவரி 19) பண்ணையடிமை முறையை ஒழிக்கும் அறிக்கையில் பேரரசர் கையெழுத்திட்டார். உழவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதற்கான மீட்புத் தொகையை அவர்கள் பல ஆண்டுகள் செலுத்த வேண்டியிருந்தது. விடுதலை பெற்ற உழவர்களுக்கான ஊர் நிர்வாக அமைப்பு, அரசு உழவர்களுக்காகக் கிசெலியோவ் ஏற்படுத்திய அமைப்பைப் பெரிதும் பின்பற்றியது. 1861 இன் பிற்பகுதியில் மற்றொரு மருமகனான திமீத்ரி மிலியூத்தின் போர்த்துறை அமைச்சரானார்.

இறுதிக்காலம்

உடல்நலக் குறைவு காரணமாகக் கிசெலியோவ் 1862 இல் தூதுவர் பதவியிலிருந்து விலகினார். அதன் பின்னரும் அவர் பெரும்பாலும் பாரிசிலேயே வாழ்ந்தார். 1872 நவம்பர் 26 அன்று தமது 84 ஆம் அகவையில் அங்கு காலமானார். அவருடைய உடல் மாஸ்கோவிலுள்ள தன்ஸ்கோய் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

அமைச்சகத்தில் கிசெலியோவின் கீழ் பணியாற்றிய அந்திரேய் சப்லோத்ஸ்கி-தெஸ்யத்தோவ்ஸ்கி, 1882 இல் நான்கு தொகுதிகளில் அவருடைய வரலாற்றை வெளியிட்டார். சோவியத் வரலாற்றாளர் நிக்கலாய் துருசீனின், அரசு உழவர் சீர்திருத்தம் குறித்து விரிவான ஆய்வை 1946 இலும் 1958 இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

கிசெலியோவை மதிப்பிடுவோர் இரு கருத்துகளைக் கொண்டுள்ளனர். அரசு உழவர்களைச் சட்ட உரிமையுள்ள குடிகளாக ஏற்று, நிலத்துடன் கூடிய விடுதலை இயலும் என்பதைக் காட்டியவர் என்பது ஒரு கருத்து. உழவர்களை ஓயாது மேற்பார்வையிடும் அதிகாரிகளின் படையை உருவாக்கி, அதன் செலவையும் உழவர்கள் மீதே சுமத்தினார் என்பது மற்றொரு கருத்து. இரண்டுக்கும் அவருடைய பணியிலேயே சான்றுகள் உள்ளன. மக்களின் நலனை மக்களைக் கேட்காமலே அரசு நிறைவேற்ற முடியும் என்று அவர் நம்பினார். தன்யூபு சிற்றரசுகளில் உயர்குடியினரும், உரால் பகுதியில் உழவர்களும் அந்நம்பிக்கையின் எல்லையை அவருக்குக் காட்டினர். 1816 இல் அவர் பேரரசரிடம் அளித்த முன்மொழிவின் நோக்கம் நிறைவேற 45 ஆண்டுகள் ஆயின. அதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.